பூக்கூடை வேண்டாம், ஆடுகளம் தாரீர்!

"யார் சார் கெலிச்சது?"

கேட்டவர் தேநீர்க் கடைக்காரர். இடம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கிலிருந்து வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் திரும்பும் சாலை. நாள், 2025 நவம்பர்த் திங்கள் 2. சென்னை ஓப்பன் மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டி முடிந்து, மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம்.

"இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்" என்றோம்.

"நல்லது சார். ஆடத் தெரிஞ்ச பொண்ணு கெலிச்சுது. நம்ம ஊர்ப் பொண்ணு எப்ப சார் கெலிக்கும்?"

தேநீர்க் குவளையை வாங்கிக்கொண்டோம். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்த ஏழைத் தோழர் கேட்ட கேள்வியை ஏடுகள் கேட்கவில்லை, மேடைகள் கேட்கவில்லை, மேட்டுக்குடியினரின் மன்றங்கள் கேட்கவில்லை. எனவே நாம் கேட்கிறோம். கேட்பதோடு நில்லாமல், விடையையும் தேடுகிறோம்.

வென்ற பெண்ணின் பெயர் ஜேனிஸ் ஜென். வயது 23. ஆஸ்திரேலிய நாட்டுக் கிம்பர்லி பிர்ரெலை 6–4, 6–3 என்று நேர் செட்டுகளில் வீழ்த்தினார். மகளிர் ஒற்றையர் உலகச் சுற்றில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி அதற்கு முன் பட்டம் பெற்றது 2002 இல். அந்த 2002 இல் பிறந்த குழந்தைதான் ஜேனிஸ்! பட்டம் வந்த ஆண்டில் பிறந்த மகவு வளர்ந்து, மட்டை பிடித்து, கடல் கடந்து வந்து, அடுத்த பட்டத்தைத் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றது.

1025 ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கலங்கள் கடல் கடந்து ஸ்ரீவிசயத்தின் மீது பாய்ந்தன என்று பெருமை பேசுகிறோம். பேசட்டும் தமிழகம், பேச உரிமை உண்டு. ஆயிரம் ஆண்டு கழிந்து 2025 இல், அந்தத் தீவுகளின் நாட்டிலிருந்து ஒரு பெண் நம் ஊருக்கு வந்தார். களிறு இல்லை, கலம் இல்லை, காலாட்படை இல்லை. கையில் ஒரு மட்டை. வென்றார்; கோப்பையோடு சென்றார். நாம் கை தட்டினோம். தட்டியது தவறன்று, திறமை எங்கிருந்து வந்தாலும் போற்றுவது தமிழ்ப் பண்பு. ஆனால், தட்டிய கைகளுள் மட்டை பிடித்திருக்க வேண்டிய கைகள் எத்தனை எத்தனை!

ஏரி இருந்த இடத்திலே

அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ஏரி நீர் தளும்பிய பரப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் நோக்கி நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். இன்றும் அங்கே 'ஏரிப் பகுதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1995 இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக டென்னிஸ் அரங்கம் எழுந்தது. 1997 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் ஆடவர் போட்டி. சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா ஒருவரே நான்கு முறை கோப்பையை முத்தமிட்டார். இருபத்தொரு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அங்கே பெண்ணுக்குக் கிடைத்த இடம் பார்வையாளர் பலகைதான்.

2022 செப்டம்பரில்தான் மகளிர் உலகச் சுற்று சென்னைக்கு வந்தது. செக் நாட்டு லிண்டா ஃபுருவிர்டோவா, வயது 17, முதல் செட்டை இழந்தும் கலங்காமல் போலந்து நாட்டு மக்தா லினெட்டை 4–6, 6–3, 6–4 என்று வென்றார். நம் ஊர்க் கணக்கில் அது பள்ளி இறுதித் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் வயது! இந்தியாவின் கர்மன் கவுர் தாண்டி முதல் சுற்றில் பிரெஞ்சுப் பெண் குளோயி பாக்கேயை வென்று நெஞ்சை நிமிர வைத்தார். அடுத்த சுற்றில் தோற்றார். 2025 இல் மீண்டும் போட்டி வந்தது. மீண்டும் கோப்பை கடல் கடந்தது.

சென்னைக்கு டென்னிஸ் புதிதா? இல்லவே இல்லை. விம்பிள்டனில் 1960 இலும் 1961 இலும் அரையிறுதி வரை சென்றவர் இராமநாதன் கிருஷ்ணன். 1973 இலும் 1981 இலும் கால் இறுதி கண்டவர் விஜய் அமிர்தராஜ். 1986 இல் கால் இறுதி கண்டவர் ரமேஷ் கிருஷ்ணன். மூவரும் நம் ஊர் ஆட்டக்காரர்கள். பெருமைதான். அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கோவையில் கிடைக்கிறது ஒன்று: நிருபமா வைத்தியநாதன். 1998 இல் ஆஸ்திரேலியப் பெரும் போட்டியில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்க்குக் கதவு திறந்த 1968 க்குப் பின், நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றில், ஒற்றையர் பிரிவில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். ஒரு சுற்று! அந்த ஒரு சுற்றுக்கு முப்பது ஆண்டு காத்துக் கிடந்தது இந்த மாபெரும் நாடு. பின்னர் ஐதராபாத்தின் சானியா மிர்சா வந்தார். 2005 இல் அமெரிக்கப் பெரும் போட்டியில் நான்காம் சுற்று. 2007 இல் உலக வரிசையில் 27 ஆம் இடம். அவர் அடித்த பந்தின் வேகத்தை உலகம் அளந்துகொண்டிருந்தபோது, இங்கே சிலர் அவர் பாவாடையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்கள். வெட்கம்!

பந்து யாருக்கு அயல்?

"பந்தாட்டமா? பெண்ணுக்கா? நம் பண்பாட்டுக்கு ஆகுமா?" என்று கேட்கும் பண்டிதர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் மேனாட்டு நூலைக் காட்டப் போவதில்லை. சிலப்பதிகாரத்தைக் காட்டுகிறோம். வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையிலே கந்துக வரி இருக்கிறது. பெண்கள் பந்தடித்துப் பாடும் வரி. பெருங்கதையிலே, பந்தடி கண்டது என்று ஒரு பகுதியே உண்டு. அரண்மனைப் பெண்கள் போட்டி போட்டுப் பந்தடிக்கிறார்கள். அந்தப் பந்தை அவள் கையிலிருந்து பிடுங்கியது யார்? பிடுங்கிவிட்டு, 'அது உனக்கு ஆகாது' என்று நீதி சொன்னது யார்? பறித்தவனே பண்பாடு பேசுகிறான்!

மேனாடு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. விம்பிள்டனில் ஆடவர் போட்டி தொடங்கியது 1877 இல். பெண்களுக்கு 1884 வரை கதவு திறக்கவில்லை. அந்த முதல் ஆண்டு பதின்மூன்று பேர் வந்தார்கள். கணுக்கால் வரை தொங்கும் பாவாடை; இடுப்பை இறுக்கும் கச்சு; அதோடு ஓடி ஆடினார்கள். மாட் வாட்சன் என்ற 19 வயதுப் பெண், தன் அக்காள் லிலியனையே இறுதியில் வென்றாள். பரிசு என்ன தெரியுமா? ஒரு வெள்ளிப் பூக்கூடை! வீராங்கனைக்கு வாள் தரவில்லை, கேடயம் தரவில்லை. பூப்பறிக்கக் கூடை தந்தார்கள். 'ஆடியது போதும், அம்மணி. தோட்டத்துக்குப் போ' என்று சொல்லாமல் சொன்ன பரிசு அது.

"பெண் மூன்று செட்டுதானே ஆடுகிறாள்? ஆண் ஐந்து செட்டு ஆடுகிறானே! உடல் வலிவு வேண்டாமா?" என்பார் இன்னொரு மேதாவி. கேளுங்கள் வரலாற்றை. அமெரிக்க தேசியப் போட்டியில் 1891 முதல் 1901 வரை பெண்களின் இறுதி ஆட்டம் ஐந்து செட்டுதான்! 1901 இல் எலிசபெத் மூர் ஐந்து செட்டு முழுதும் ஆடி வென்றார், சுருண்டு விழவில்லை. அடுத்த ஆண்டு சங்கத்து ஆண்கள் கூடினார்கள். பெண்களைக் கேளாமலே மூன்றாகக் குறைத்தார்கள். குறைத்தது அவர்கள், குறை சொன்னதோ அவளை! காலைக் கட்டிவிட்டு, 'இவளுக்கு நடக்கத் தெரியாது' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கூலியிலும் அதே ஓரவஞ்சனை. 1968 இல் விம்பிள்டனில் வென்ற ஆணுக்கு 2,000 பவுன். வென்ற பெண்ணுக்கு 750 பவுன். 1970 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியொன்றில் ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பொறுத்தது போதும் என்று பில்லி ஜீன் கிங்கும் எட்டுத் தோழியரும் வெளியேறினார்கள். ஆளுக்கு ஒரு டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி கண்டார்கள். 1973 இல் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பெரும் போட்டி சம பரிசு தந்தது. விம்பிள்டன் இறங்கி வர 2007 ஆயிற்று. அந்த ஒரு டாலர் கையெழுத்து இல்லையேல், நுங்கம்பாக்கத்துக்கு மகளிர் போட்டி ஏது? கோப்பை ஏது? பெற்றது கருணையால் அல்ல, போராட்டத்தால்!

கறுத்துப் போவாயாம்!

இங்கே நம் வீட்டுக்கு வருவோம். மயிலாப்பூரில் ஒரு சந்து. மாலை நேரம். பன்னிரண்டு வயதுச் சிறுமி செருப்பை மாட்டுகிறாள்.

"எங்கேடி கிளம்பிட்டே?"

"மைதானத்துக்கு, பாட்டி."

"நன்னாயிருக்கு! வயசுக்கு வரப்போற பொண்ணுக்கு மைதானம் எதுக்கு?"

"அண்ணா மட்டும் போறானே!"

"அவன் ஆம்பிளைடி. அவன் போவான், வருவான். நீ உள்ளே வா. வெயில்லே ஓடிக் கறுத்துப் போயிட்டா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

அப்பா செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்: "பாட்டி சொல்றதைக் கேளும்மா. படிக்கிற வேலையைப் பாரு."

அடையாற்றில் மாடி வீடாயிருந்தால் மொழி மாறும், தீர்ப்பு மாறாது. பெண்ணுக்கு ஓட்டம் நிற்பது கால் வலித்தா? இல்லை. அவள் வளர்ந்துவிட்டாள் என்பதால்! செடி வளர்ந்தது என்று வேரை வெட்டுவார் உண்டோ?

கறுத்துப் போவாளாம்! அந்தப் பாட்டிக்கு நாம் ஒரு கறுப்புப் பெண்ணின் கதையைச் சொல்வோம். அல்தியா கிப்சன், 1927 இல் அமெரிக்கத் தென்கரோலினாவில், பருத்திக் காட்டுக் குத்தகை உழவர் வீட்டில் பிறந்தவள். பிழைப்புத் தேடி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்த குடும்பம். கறுப்பர் என்பதால் பெரிய டென்னிஸ் மன்றங்களின் கதவு திறக்காது; நம் ஊரில் கோயில் கதவு சிலருக்கு மூடிக் கிடந்ததே, அதுபோல. 1950 வரை அமெரிக்க தேசியப் போட்டியில் ஒரு கறுப்பர்க்கும் இடமில்லை. அந்தக் கதவை முதலில் கடந்தவள் அவள்தான். 1957 இல் விம்பிள்டன் வாகை சூடினாள். இங்கிலாந்து அரசி கையால் தட்டு வாங்கினாள். 1958 இல் மீண்டும் வென்றாள். அந்தக் கறுப்பு நிறத்தைப் பார்த்து உலகம் எழுந்து நின்றது, பாட்டி!

அவள் எங்கே ஆடக் கற்றாள்? இதைத்தான் நாம் ஊன்றிக் கேட்கச் சொல்கிறோம். செல்வச் சீமான்களின் புல்தரையில் அல்ல. அவள் குடியிருந்த தெருவை மாலையில் வண்டி வராமல் அடைத்து, ஏழைப் பிள்ளைகள் ஆடத் திறந்துவிட்டார்கள். நடுத்தெருவில் கட்டைமட்டை பிடித்துத்தான் அந்தப் பெண் பந்தடிக்கக் கற்றாள். பின்னாளில் வீனஸ் வில்லியம்ஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் எங்கே கற்றார்கள்? கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில், எவரும் காசின்றி நுழையக்கூடிய பொது ஆடுகளத்தில். 2007 இல் விம்பிள்டனில் ஆணுக்கு நிகரான பரிசை முதலில் வாங்கிய பெண் அந்த வீனஸ்தான். பொது இடம் தந்தது ஊர். உலகப் பட்டம் தந்தது பெண்!

நாம் கேட்பது அரண்மனை அல்ல

ஒற்றையர் ஆடுகளம் எவ்வளவு? நீளம் 78 அடி, அகலம் 27 அடி. கோடிகள் புரளும் தியாகராய நகரில், துணிக்கடைக்கு ஏழு மாடி எழும்பும் தியாகராய நகரில், பெண் பிள்ளைக்கு என்று 78 அடி உண்டா? சோமசுந்தரம் மைதானத்துக்கு மாலையில் சென்று பாருங்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஆடட்டும், வாழட்டும்! அவர்களின் தங்கைகள் எங்கே? அக்காள்கள் எங்கே? எண்ணிப் பாருங்கள்; விரல் மிஞ்சும்.

நாம் கேட்பவை இவைதான்.

மாநகராட்சி மைதானந்தோறும் ஒரு சுவர். டென்னிசுக்கு முதல் ஆசான் சுவர்தான். அடித்த பந்தைத் திருப்பித் தரும், அலுக்காது, சம்பளம் கேட்காது. வலையின் நடு உயரம் மூன்றடி; சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் போதும். அதற்கு வாளியளவு சுண்ணாம்பு வேண்டும். கொஞ்சம் மனம் வேண்டும்.

நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று மைதானம். வெளிச்சத்துக்கு விளக்கு. பூட்டுப் போடாத, தண்ணீர் வரும் கழிப்பறை. சிரிக்காதீர், பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து விரட்டும் முதல் எதிரி எதிர்த்து ஆடுபவள் அல்ல, கழிப்பறை இல்லாமைதான்!

மட்டையின் விலை கூலித் தொழிலாளிக்குப் பல நாள் கூலி. வாங்க முடியாது. எனவே பள்ளிதோறும் பொது மட்டைகள். பந்துக்கு வழியுண்டு. பெரும் போட்டிகளில் முதலில் ஏழு ஆட்டங்களுக்குப் பிறகும், அப்புறம் ஒன்பது ஆட்டங்களுக்கு ஒரு முறையும் பந்தை மாற்றுகிறார்கள். மாற்றிய பந்து உலகச் சுற்றுக்கு உதவாது. சுவரில் அடித்துப் பழகும் சிறுமிக்கு அது தங்கம்! நுங்கம்பாக்கத்துப் பழைய பந்துகள் மாநகராட்சிப் பள்ளிச் சிறுமியர் கைக்குப் போகட்டும். போட்டி நடக்கும் ஒரு கிழமை நீங்க, மற்ற ஐம்பத்தொரு கிழமையில் அந்த அரங்கின் களமும் அவர்களுக்குச் சில மணி நேரமேனும் திறக்கட்டும்.

"இதற்கெல்லாம் பணம்?" என்பார்கள். போட்டியைச் சென்னைக்குக் கொண்டுவர அரசின் பொருள் துணை நின்றது, வரவேற்கிறோம். விழா எடுக்கப் பணம் உண்டு, விதை ஊன்றப் பணம் இல்லை என்றால், அறுவடை அயலார்க்குத்தானே போகும்? கோப்பை இரு முறை கடல் கடந்ததன் பொருள் அதுதான்.

பலகையில் யார் பெயர்?

கடைசியாக ஒன்று. விம்பிள்டன் மன்றத்தில் வாகை சூடியவர் பெயர்களைப் பலகையில் எழுதி வைப்பார்கள். ஆணுக்கு வெறும் பெயர். பெண்ணுக்கோ, மணமானவளா ஆகாதவளா என்ற அடைமொழி முன்னே நிற்கும். 1981 இல் வென்றவர் கிறிஸ் எவர்ட். பலகையில் இருந்த பெயர் என்ன? 'திருமதி ஜே.எம். லாயிட்'! ஓடியவர் எவர்ட், அடித்தவர் எவர்ட், வேர்த்தவர் எவர்ட். பெயர் மட்டும் கணவருடையது! ஆஸ்திரேலியப் பழங்குடி மகள் இவான் கூலகாங் 1971 இல் வென்றபோது தன் பெயரோடு நின்றார். 1980 இல், குழந்தை பெற்ற தாயாகத் திரும்பி வந்து வென்றபோது, கணவர் பெயருக்குள் காணாமற் போனார். மணமாலை விழுந்ததும் பெயர் உதிர்ந்தது. 2022 இல்தான் அந்த அடைமொழிகளை நீக்கினார்கள். மாட் வாட்சனின் பூக்கூடைக்குப் பின் 138 ஆண்டுகள்!

இதையும் கேளுங்கள். கோவையிலே 2009 இல் பிறந்த ஒரு பெண், 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை மகளிர்ப் போட்டியில் அரையிறுதி வரை சென்றாள். தன்னிலும் மூத்த, அனுபவம் மிக்க ஆட்டக்காரிகளை வென்று சென்றாள். அவள் பெயர் மாயா இராஜேஸ்வரன் ரேவதி. தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் சுமந்துகொண்டு களத்தில் இறங்குகிறாள் அந்தத் தமிழ்ச் சிறுமி. விம்பிள்டன் 138 ஆண்டில் கற்ற பாடத்தைத் தன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறாள்!

தேநீர்க் கடைத் தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். நம் ஊர்ப் பொண்ணு கெலிக்கும், தோழரே. அவளுக்கு வலிவு உண்டு, வேகம் உண்டு, இலக்கியத்திலே பந்து உண்டு. இல்லாதது 78 அடி நிலமும், ஒரு சுவரும், 'போய் ஆடிவிட்டு வா, அம்மா' என்று வாசற்படியில் நின்று சொல்லும் ஒரு தகப்பனும்தான்.

நிலத்தையும் சுவரையும் ஆட்சியாளரிடம் கேட்போம். அந்தச் சொல்லை நம் வீட்டிலே நாமே சொல்வோம். நாளை மாலையே சொல்வோம்!